ஆச்சி மனோரமா அம்மையார்: சில நினைவுகள்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்திங்கட் கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, பொருள் யாதென வினவினோம். தங்கள் விருப்பம் என்றார். தமிழாசிரியன் ஒருவனை அவன் விருப்பம்போற் பேச விடுதல் எத்துணை இடர் விளைக்கும் என்பதை அவர் அறியார் போலும். திருக்குறளிலோ சிலப்பதிகாரத்திலோ யாதேனும் ஒரு பகுதியை எடுத்து விரிப்போம் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டது ஒரு நடிகையாரைப் பற்றிய பொருள். முன்வரிசைப் பெரியோர் சிலர் முகத்திற் புன்முறுவலும் சிலர் முகத்திற் சுளிப்பும் காண்கின்றோம். இரண்டையும் ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றோம்.

மேடைக்கு வருமுன் உறுப்பினர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "மனோரமா நம்மவரா?" என்று செவியில் வினவினார். அல்லர் என்றோம். அவர் முகம் சிறிது வாடிற்று. அவ்வினாவிற்கு விடை சொல்லும் இடம் பின்னர் வரும்.

அம்மையாரின் வரலாற்றை நீங்கள் பெரும்பாலும் அறிவீர்கள். ஆதலின் சுருங்கக் கூறுவோம். 1937 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் மன்னார்குடியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையார் துணை இல்லாமற்போகவே, தாயார் இராமாமிர்தம் அம்மையார் குழந்தையோடு காரைக்குடிக்கு அணித்தான பள்ளத்தூரில் வந்து குடியேறினார். வறுமையினாற் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. வீட்டு வேலை செய்தும் பிழைத்தனர். பன்னிரண்டு வயதளவில் அச்சிறுமி நாடக மேடை ஏறினார். மனோரமா என்னும் பெயரும் அம்மேடை தந்ததே. எஸ். எஸ். இராசேந்திரன் அவர்களின் நாடகக் குழுவில் நடித்துப் பெயர் பெற்ற பின், கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) என்னும் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்தமையாற் கின்னசு நூலில் அவர் பெயர் ஏறிற்று. அண்ணாதுரை, கருணாநிதி ஆகிய இருவரோடு நாடக மேடையிலும், எம். ஜி. ஆர்., செயலலிதா, ஆந்திரத்து என். டி. இராமராவ் ஆகியோரோடு திரையிலும் நடித்தவர் அவர். அவ்வைவரும் பிற்காலத்து முதலமைச்சர் ஆயினர். 'புதிய பாதை' (1989) படத்திற்குத் தேசிய விருதும், 2002 இற் பத்மசிறீ விருதும் பெற்றார். 2015 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் இரவு சென்னையில் மறைந்தார்.

இவையெல்லாம் எவரும் சொல்லக்கூடியவை. யாம் சொல்ல வந்தது எம் வீட்டுத் திண்ணையிலிருந்து கண்ட மனோரமாவை.

யாம் சிறுவனாயிருந்த காலத்தில் எம் ஊர்ப் புறத்தே ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. கீற்று வேய்ந்த கூரை. தரையெல்லாம் ஆற்று மணல். ஆடவர் பகுதிக்கும் பெண்டிர் பகுதிக்கும் இடையே மார்பளவு உயர்ந்த ஒரு குட்டிச் சுவர். படக்கருவி ஒன்றே ஆதலாற் சுருள் மாற்றுந்தோறும் விளக்குப் போடுவர். அப்பொழுதெல்லாம் முறுக்கும் கடலையும் விற்கும் சிறுவர் மணலில் இருப்போரை மிதித்துக்கொண்டு ஓடுவர். எம் அப்பத்தாவோடு யாம் பெண்டிர் பக்கத்திலேதான் இருப்போம். மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் எம்மை இருத்தி, முன்னிருப்போர் தலை மறையாவண்ணம் அவர் பார்த்துக்கொள்வார்.

அப்பத்தா இளமையிலே கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலை, நெற்றியிற் பட்டையாக நீறு, கொட்டகைக்குச் செல்லுதல் அக்காலத்துக் கைம்பெண்டிர்க்கு ஏற்றதன்று எனத் தெருவிற் பேச்சு உண்டு. அப்பத்தா அதற்குச் செவி கொடுத்திலர். ஆயினும் எல்லாப் படத்திற்கும் அவர் செல்வதில்லை. சுவரொட்டியை எம்மைக்கொண்டு படிப்பித்து, அதில் மனோரமா பெயர் உண்டாவெனக் கேட்பார். உண்டெனின் மாலையில் அடுப்பு விரைவில் அணையும். கதைத் தலைவர் யாவர், பாட்டு எத்தனை என்பவற்றில் அவருக்குக் கருத்தில்லை.

இப்பற்று எங்கிருந்து வந்தது என்பதை நெடுங்காலம் யாம் அறிந்திலோம். 'சின்ன தம்பி' (1991) படம் எங்கள் கொட்டகைக்கு வந்த அன்று சிறிது விளங்கிற்று. அதில் மனோரமா கதைத்தலைவனின் கைம்பெண் தாயாக வருவார். அத்தாய் துன்புறுத்தப்படும் காட்சி வந்ததும் அப்பத்தா எழுந்து வெளியே சென்றுவிட்டார். யாம் பின்தொடர்ந்தோம். கொட்டகைக்கு வெளியே ஒரு வேப்பமரம்; அதன் அடியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று வழிநெடுகச் சொல்லிவந்த கதை இது.

அப்பத்தாவுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு நாடகக் குழு ஒன்று வந்து, பத்து நாள் பந்தல் இட்டு ஆடியது. பகலில் ஆர்மோனியக்காரர் பயிற்சி செய்யும் இடத்திற்கு அருகே அப்பத்தா களத்தில் நெல் துழாவிக்கொண்டே, முன்னிரவு கேட்ட பாட்டைத் தம்மையறியாமற் பாடினாராம். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு முறை பாடு தாயே என்று கேட்டாராம். பாடினார். அந்தப் பெரியவர் வீட்டிற்கே வந்து, இந்தக் குரலை வீணாக்க வேண்டா, குழந்தையைத் தாயாரோடு எங்கள் குழுவிற்கு அனுப்புங்கள் என்று கைகூப்பினாராம். அவரை மோர் கொடுத்து அனுப்பிவைத்தனர். அவர் தெருத் திரும்பியதும் அப்பத்தாவின் தமையனார் மாட்டுச் சாட்டையை எடுத்தார். அதன் பின் அப்பத்தா பாடியதை அவ்வீட்டில் எவரும் கேட்டதில்லை. தாலாட்டும் பாடினாரல்லர் என எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

கதையை முடித்து அப்பத்தா சொன்னது இவ்வளவே: "அந்தப் புள்ளைக்கு அடிக்க அண்ணன் இல்லடா, அப்பு."

மனோரமாவின் வாழ்வைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்திருத்தல் கூடும். தந்தையின் துணையற்ற வறுமையை எல்லோரும் இரங்கத்தக்க துன்பமாகவே எழுதினர். அத்துன்பமே அவர்க்குக் கதவு திறந்தது எனக் கண்டவர் எம் அப்பத்தா ஒருவரே. குடிப்பெருமை காக்க ஆள் இல்லாத வீட்டில் வளர்ந்ததனால் ஒரு பெண் தன் திறமையைத் தான் வைத்துக்கொள்ள முடிந்தது என்பதைக் கேட்கும்பொழுது, குடிப்பெருமை பேசும் சங்கத்தில் உறுப்பினராகிய எமக்குக் கூசுகின்றது.

இனி, எம் தொழில்வழி நின்று ஒன்று சொல்ல விழைகின்றோம். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். யாம் பயின்ற காலத்தில் திசைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதினோமேயன்றி, ஒரு நாட்டுப் பேச்சு மற்றொரு நாட்டுப் பேச்சினின்றும் எவ்வாறு வேறுபட்டு ஒலிக்கும் என்பதைச் செவியால் அறிந்திலோம். அதனை எமக்குக் கற்பித்தவர் இவ்வம்மையாரே. 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் நாகேசோடு ஆடிப்பாடுகையிற் கேட்பது தென்கடற்கரைப் பேச்சு. 'பொம்மலாட்டம்' (1968) படத்திற் சென்னைத் தெருப் பேச்சிலே ஒரு பாட்டைத் தாமே பாடினார். 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் எடுப்பான பல்லோடு வரும் கொங்குநாட்டுத் தாய் அவரே. ஒவ்வொன்றிலும் சொல் மட்டுமன்று, இழுப்பும் நிறுத்தமும் மூச்சுங்கூட அந்நிலத்தினவாகவே இருக்கும். இன்றும் யாம் வகுப்பில் திசைச்சொல் நடத்துகையில் அப்பாட்டுகளை நினைவூட்டுகின்றோம். மாணாக்கர் சிரிப்பர், ஆனால் மறவார்.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே ஆசிரியர் முதலில் வைத்தார். நகை பிறக்குமிடம் நான்கு என்றார். பிறரை இகழ்தலும் அவற்றுள் ஒன்று, பேதைமையும் ஒன்று. நம் படங்களின் நகைச்சுவையிற் பெரும்பகுதி இகழ்ச்சியினின்றே பிறப்பது. கறுத்தவரை, பருத்தவரை, திக்கிப் பேசுபவரை நகைத்தல் அதன் வழக்கம். மனோரமாவும் அத்தகைய காட்சிகளில் நடித்ததில்லை என்று யாம் சொல்லோம். வயிற்றுக்காக எல்லாவற்றையும் ஏற்றவர் அவர். ஆயினும் அவர் சிறந்த இடங்களெல்லாம் பேதைமையை மேற்கொண்டு ஆடிய இடங்களே. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வீட்டு வேலைக்காரியாக வரும் அவர், சம்பந்தி வீட்டாரிடம் வலியச் சென்று வாய்ச்சண்டை தொடுத்து, படித்த குடும்பத்தாரால் ஆகாத காரியத்தை முடித்துவைப்பார். கொட்டகை முழுதும் சிரிப்பொலி. அறியாதவள்போல் நடிப்பவளே அவ்வீட்டில் அனைத்தும் அறிந்தவள் என்பது சிரித்து முடித்த பின்னரே நமக்குப் புலனாகும். பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்த சிறுமி, எசமானர் வீடுகளை அடுக்களை வழியாகப் பார்த்துப் படித்த பாடம் அது என்பது எம் துணிபு.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியைச் சொல்லாமல் விடலாகாது. சிவாஜி கணேசனும் பத்மினியும் உச்சத்தில் நின்று நடிக்கும் படம் அது. அவர்களுக்கிடையே ஊர் ஊராய்ச் செல்லும் நாடகக்காரியாக வந்த ஒருவர், இன்றுவரை அவர்கட்கு இணையாக நினைவில் நிற்கின்றார். நாடகக்காரி என்றால் இன்னவள் என நாம் ஒரு முடிவோடு பார்க்கத் தொடங்குவோம். அவள் மினுக்கும் குலுக்கும் அம்முடிவிற்கு ஏற்பவே இருக்கும். படம் முடியுமுன் அவள் நெஞ்சம் எத்துணை வெள்ளையானது என்பது தெரியவரும்போது, நம் முடிவு நமக்கே நாணம் தரும். சங்க காலத்தில் விறல்பட ஆடுபவளை விறலி என்றனர். மன்னர் அவைகளில் அவளுக்குப் பரிசில் இருந்தது. பின்னாளில் அதே தொழிலை இழிவென்றோம். குடும்பப் பெண் மேடை ஏறலாகாது என்றானபின், பெண்வேடத்தைச் சிறுவர் தாங்கினர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் நிறுவிய பால சபையில் நடித்தோர் சிறுவர்களே. அஃது அக்காலத்து நிலை.

அப்பத்தா அம்மையாரை நேரிற் கண்டது ஒருமுறை. காரைக்குடியில் ஒரு திருமண மண்டபத்து வாயிலில் யாமும் அவரும் பேருந்துக்கு நின்றோம். மகிழுந்தினின்றும் மனோரமா இறங்கினார். கூட்டம் நெருக்கிற்று. பத்தடித் தொலைவு இருக்கும். எம் அப்பத்தாவின் வெள்ளைச் சேலையையும் நரைத்த தலையையும் கண்டு கைகூப்பிச் சென்றார். அப்பத்தா திரும்பக் கைகூப்ப மறந்து நின்றுவிட்டார். ஊர் வந்து சேரும்வரை அதனையே சொல்லிச் சொல்லி வருந்தினார்.

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொலைக்காட்சியிற் செய்தி வந்தது. எண்பதைத் தொட்ட அப்பத்தா, ஒன்றும் பேசாமல் எழுந்து, கிணற்றடிக்குச் சென்று, தலையோடு நீர் ஊற்றிக்கொண்டார். இழவு கேட்டால் உறவினர் முழுகும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எம் தாயார் திகைத்து, "யாருக்கு அத்தை முழுகுறீங்க, அவங்க நமக்கு என்ன உறவு?" என்றார். "உறவுதான்" என்று சொல்லி, ஈரச் சேலையோடு வந்து விளக்கேற்றினார். அன்று உண்ணவில்லை. மூன்றாண்டு கழித்து அவரும் சென்றுவிட்டார்.

"நம்மவரா?" என வினவிய நண்பருக்கு இதுவே விடை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஆச்சி என்னும் சொல்லுக்குத் தாய், பாட்டி, மதிப்பிற்குரிய மாது எனப் பொருள்கள் உள. நெல்லைச் சீமையிற் பாட்டியை அவ்வாறு அழைப்பர். செட்டிநாட்டில் அது நகரத்தார் குலப் பெண்டிரைப் பணிவோடு விளிக்கும் சொல். மனோரமா அக்குலத்திற் பிறந்தவரல்லர். அந்நாட்டில் வளர்ந்து, அந்நாட்டுப் பேச்சை நாவிற் கொண்டவர். அவரைத் தமிழுலகம் முழுவதும் ஆச்சி என்றே அழைத்தது. ஒரு குலத்தின் மதிப்புச் சொல், அக்குலத்தாராற் பிணக்கின்றி விட்டுக்கொடுக்கப்பெற்று, பிறிதொரு பிறப்பினர்க்குப் பட்டமாயிற்று. சமூகச் சங்கம் நடத்தும் நாம் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி அது.

இனிச் சொல்லப்போவது எமக்கு எளிதன்று. ஈராண்டுக்கு முன் எம் பள்ளியிற் கலைத் திருவிழாவுக்காக ஒரு சிறு நாடகம் எழுதினோம். சந்தையிற் காய் விற்கும் கிழவி ஒருத்திதான் அதன் தலைவி. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அக்கிழவியாக நடித்தாள். நம் சமூகத்துப் பிள்ளைதான். தராசைத் தூக்கி அவள் முதற்சொல் பேசியவுடனே பள்ளி முழுதும் குலுங்கிற்று. எம் நடையையும் இருமலையும் அவள் பழித்துக் காட்டுவதுண்டு என்பதை முன்னமே அறிந்திருந்தோம். அன்று அதனை முழுதும் மன்னித்துவிட்டோம். அடுத்த நிலைப் போட்டிக்கு நாடகம் தேர்வு பெற்றது. அவ்வாரமே நம் பெரியோர் இருவர் அவள் தந்தையைக் கண்டனர். பின் எம்மையும் கண்டனர். நம் வீட்டுப் பெண் வெளியூர் மேடையிற் கூத்தாடுவதா, நாளை மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என் சொல்வது என்றனர். தந்தை தலைகுனிந்தார். யாமோ, மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் யாம், விறலியின் பெருமையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் யாம், பெரியோர் சொல்லைத் தட்டலாகாது எனச் சொல்லி, அக்கிழவி வேடத்தை ஒரு பையனிடம் கொடுத்தோம். நாடகம் பரிசு பெறவில்லை. அஃது ஒரு பொருட்டன்று. வேடம் மாறிய அன்று அம்மாணவி அழுதாளில்லை, எதிர்த்தும் பேசினாளில்லை. தராசைத் துடைத்து எம் மேசைமேல் வைத்துவிட்டு, வணக்கம் ஐயா என்று சொல்லிச் சென்றாள். இன்றும் எதிர்ப்படின் வணக்கம் சொல்கின்றாள். எம்மைப் போற் பேசிக் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள் என அவள் தோழியர் கூறுகின்றனர்.

அப்பெரியோர் இருவரும் இவ்வவையில் இருக்கின்றனர். அவர்களைக் குறைகூற யாம் எழுந்தோமல்லோம். அவர்கள் தாம் நம்பியதைச் சொன்னார்கள்; யாம் நம்பாததைச் செய்தோம். அப்பத்தாவின் தமையனார் கையிலிருந்தது சாட்டை; எம் கையிலிருந்தது பண்பு. விளைவில் வேறுபாடு கண்டோமில்லை.

நமது ஆண்டு விழா நாடகத்தில் எம் தந்தையார் காலந்தொட்டுப் பெண்வேடத்தைப் பையன்களே தாங்கி வருகின்றனர். சென்ற ஆண்டு திரௌபதியாக வந்த தம்பிக்கு மீசை அரும்பியிருந்தமையைப் பின்வரிசையினரும் கண்டு நகைத்தனர். துகிலுரியும் இடத்தில் எழுந்த அந்நகை வியாசர் கருதியதன்று. வரும் ஆண்டு விழாவில் நம் பெண்மக்கள் பெண்வேடங்களைத் தாங்க வேண்டும் என்னும் தீர்மானத்தை யாம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். நம் சங்க மேடை. முன்னே தாயும் தந்தையும் பாட்டனும் அமர்ந்திருக்கும் அவை. வெளியூர் என்னும் தடை இங்கே எழாது. தீர்மானத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். எதிர்ப்போர் எழுந்து எதிர்க்கலாம். யாம் இம்முறை அமைதியாக இரோம்.

அம்மாணவியின் தந்தையாரைச் சென்ற கிழமை வீட்டிற்குச் சென்று கண்டு, செய்த பிழையை ஒப்புக்கொண்டோம். சங்கம் ஒப்பினால் எமக்குத் தடையில்லை என்றார். அவள் தன் விடையைச் சொல்லவில்லை. உள்ளறையினின்றும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவி நாடகத்தின் படி எம்மிடம் உள்ளது, தராசும் உள்ளது. தீர்மானம் நிறைவேறுமாயின் அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்கக் கட்டிட மாடியிற் பயிற்சி தொடங்கும். பெண்மக்களை அனுப்ப விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்தவுடன் எம்மிடம் பெயர் தரலாம். தாமே நடிக்க விரும்பும் தாய்மார்களும் தரலாம்.